மேசை மலையின் விரிப்பு

பலமான காற்று வீசினால் மேகம் என்ன ஆகும்? காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும் என்றுதானே சொல்வீர்கள்? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஒரு மேகம் உண்டு. பலத்த காற்று வீசும் கோடை நாளில்தான் அது தோன்றும். தோன்றியபின் மணிக்கணக்கில் இடத்தைவிட்டு அசையாது. 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அந்த மேகத்துக்குள் நான் அகப்பட்டுக்கொண்டேன்.

அப்பொழுது நான் அந்நகரில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவன். நகரை ஒட்டியே மேசை மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. அதன் உச்சி கூராக இல்லாமல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டையாக இருப்பதால் இந்தப் பெயர். மிக உயர்ந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 1,086 மீட்டர். அங்கே ஒரு கற்குவியல் இருக்கிறது. பூமியின் வடிவத்தை அளப்பதற்காகத் தாமஸ் மக்லியர் என்ற வானியல் அறிஞர் 1844இல் எழுப்பச் செய்தது அது. அதைத் தொட்டுவிட்டு வரவேண்டும் என்பது என் ஆசை. கென்யாவிலிருந்து ஒருவர், ஜிம்பாப்வேயிலிருந்து ஒருவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தோழி ஒருத்தி, நான், ஆக நால்வர் புறப்பட்டோம். மேலே செல்ல ரோப் கார் உண்டு. மாணவர்களின் பைக்கு அது கட்டுபடியாகவில்லை. கால்கள் இருக்கவே இருக்கின்றன.

தெற்கு அரைக்கோளத்தில் பிப்ரவரி கோடைக்காலம் அல்லவா? வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நான் வெறும் பருத்திச் சட்டையோடு வந்ததைப் பார்த்த தோழி, "கம்பளிச் சட்டை எங்கே?" என்று கேட்டாள். "இந்த வெயிலிலா?" என்று சிரித்தேன்.

பிளாட்டகிளிப் என்னும் குறுகிய மலையிடுக்கில் கற்படிகள் வளைந்து வளைந்து ஏறுகின்றன. இடுக்கு வடக்கு நோக்கியது. கோடைக்காற்றோ தென்கிழக்கிலிருந்து வருவது. மலையே மறைப்பாக நின்றதால் எங்கள் பக்கம் இலைகூட அசையவில்லை. பாறைகளின்மேல் டாஸி என்ற சிறு பிராணிகள் வெயில் காய்ந்தன. பார்ப்பதற்குக் கொழுத்த முயல்போல் இருக்கும். உறவு முறையிலோ யானைக்கு நெருக்கம்!

இரண்டு மணி நேரம் ஏறி, விளிம்பில் தலையை நீட்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. வெண்மேகம் தரையோடு தரையாக ஓடிவந்தது. நான் பொருட்படுத்தாமல் கற்குவியல் இருந்த கிழக்குத் திசையில் நடந்தேன். பத்து நிமிடத்துக்குள், நான்கு அடி முன்னால் சென்ற நண்பரின் முதுகு மறைந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியில் நீர் வழிந்தது. மழை ஒரு துளிகூட இல்லை. ஆனால் சட்டை பிழியலாம்போல் நனைந்துவிட்டது. நீர், காற்றைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஈரச் சட்டை என் உடல் வெப்பத்தை வெளியே கொண்டுவர, காற்று அதை வாரிக்கொண்டு போயிற்று. பற்கள் கிட்டின, விரல்கள் மடங்கவில்லை.

"இன்னும் அரைமணி நேரம்தானே, மேகம் கலைந்துவிடும்" என்றேன். "இது கலையாது. திரும்புங்கள்" என்றாள் தோழி. எனக்குக் கோபம்தான். ஆனால் சில நூறு அடி தவறினால் செங்குத்துப் பாறை என்பதை அவள் அறிவாள். ஒருவர் பையை மற்றவர் பிடித்துக்கொண்டு, பாறையிலிருந்த அடையாளங்களைத் தேடித் தேடி மலையிடுக்கின் வாயை அடைந்தோம். நூறு மீட்டர் இறங்கியிருப்போம், பளிச்சென்று வெயில்! அண்ணாந்து பார்த்தால், மேகம் அருவிபோல் விளிம்பில் வழிந்து, எங்கள் தலைக்குமேல் வெறும் காற்றில் மறைந்துகொண்டிருந்தது. நகர மக்கள் இதை மேசைவிரிப்பு என்கிறார்கள். சாத்தானும் ஒரு கிழக் கடற்கொள்ளைக்காரனும் போட்டி போட்டுச் சுருட்டுக் குழாய் புகைப்பதாகவும் ஒரு கதை உண்டு.

உண்மையில் நடப்பது என்ன? கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. உயரத்தில் அழுத்தம் குறைவு; ஆகவே காற்று விரிகிறது. விரிவதற்கு வேண்டிய ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுப்பதால் 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. பனிநிலையை எட்டியதும் நீராவி நுண்துளிகளாகிறது. மறுபுறம் இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடாகிறது. துளிகள் மீண்டும் நீராவியாகின்றன. எனவே மேகம் நின்றாலும் அதிலுள்ள நீர் நிற்பதில்லை. ஒரு பக்கம் புதிய துளிகள் பிறந்துகொண்டும், மறுபக்கம் பழையவை அழிந்துகொண்டும் இருக்கின்றன. ஓடும் வாய்க்காலில் ஒரு கல்லின்மேல் நீர் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோலத்தான். நான் மேகம் விலகக் காத்திருந்தது, வாய்க்கால் வற்றக் காத்திருந்தது போல!

வழியில் கொஞ்சம் நீரை மலை பிடித்துக்கொள்கிறது. மார்லாத் என்ற தாவரவியல் அறிஞர், 1902 டிசம்பரிலிருந்து 1903 பிப்ரவரி வரை இந்த மலைமேல் இரண்டு மழைமானிகளை வைத்தார். ஒன்று சாதாரணமானது, மற்றொன்றின் வாயில் கோரைத் தண்டுகளைக் கட்டினார். முதலாவதில் சேர்ந்தது ஏறத்தாழ 125 மில்லிமீட்டர். கோரை கட்டியதில் ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர்! கோரைக்கட்டு காற்றில் தடுக்கும் பரப்பு அதிகம். ஆகவே இதை மழையளவாகக் கொள்ளக்கூடாதுதான். ஆனால் மழையற்ற கோடையிலும் உச்சியில் செடிகள் பசுமையாக இருப்பதன் காரணம் அந்தக் கோரையில் தெரிகிறது. என் சட்டையும் அன்று கோரையின் வேலையைத்தான் செய்திருக்கிறது.

மறுநாள், முந்தைய தினத்தின் வானிலைப் பதிவைத் தேடி எடுத்தேன். கடலோர வெப்பநிலை 22 டிகிரி. பனிநிலை 16 டிகிரி. இவற்றின் வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால், ஏறும் காற்றில் மேகம் தொடங்கும் உயரம் மீட்டரில் கிடைக்கும். 6 × 125 = 750. நாங்கள் நடந்த மேட்டின் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். காகிதத்தைத் தோழியிடம் காட்டினேன். "எங்கள் பாட்டி இதைக் காற்றைப் பார்த்தே சொல்லிவிடுவாள்" என்றாள்.

ஏப்ரலில் மறுபடி ஏறிக் கற்குவியலைத் தொட்டேன். பையில் கம்பளிச் சட்டை இருந்தது. அன்று மேகம் வரவில்லை.