பழைய பந்தய வண்டியும் வாங்குவோர் உரிமையும்

இங்கிலாந்தில் காம்பர்லி என்னும் ஊரை அடுத்த கரட்டு நிலத்தில் 1924ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடந்த ஒரு போட்டியிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் மோட்டோகிராஸ் பந்தயம், பின்னர் உலகெங்கும் பரவிப் பெரும் வியாபாரமாகிவிட்டது. ஆயினும் அது பிறந்த நாட்டில், அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட பி.எஸ்.ஏ., கிரீவ்ஸ், மாட்ச்லெஸ் வண்டிகளைக் கொட்டகைகளிலிருந்து மீட்டுச் செப்பனிட்டு, ஞாயிறுதோறும் சேற்றில் இறங்கும் அமெச்சூர் வீரர்கள் இன்றும் பலர் உளர். இவர்கள் வண்டியின் வேகத்தைப் பெருக்குவதில் காட்டும் சிரத்தையில் ஒரு பங்கையேனும், அதை வாங்கும் முறையிலும் அதன் பத்திரத்திலும் காட்டினால் பிற்காலத் துன்பம் பெரிதும் குறையும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில், விற்பவர் யார் என்பதைப் பொறுத்தே வாங்குபவரின் உரிமை அமைகிறது. தொழிலாக விற்கும் வியாபாரியிடம் வாங்கினால், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வண்டி திருப்திகரமான தரமும், சொன்ன காரியத்துக்கு ஏற்ற தகுதியும், வர்ணனைக்கு ஒத்த உருவமும் உடையதாய் இருத்தல் வேண்டும். வயதுக்கும் விலைக்கும் தக்கபடியே தரம் மதிக்கப்படும் என்றாலும், பழைய வண்டிதானே என்று சொல்லி வியாபாரி கைகழுவிவிட முடியாது. குறை தெரிந்தால் 30 நாட்களுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பின் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ வியாபாரிக்கு ஒரு வாய்ப்பு உண்டு, அதுவும் பயன்படாவிடில் விலைக் குறைப்போ வாபஸோ கோரலாம். தனி மனிதரிடம் வாங்கினாலோ தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. சொன்ன வர்ணனை உண்மையாய் இருக்க வேண்டும், விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும், அவ்வளவே. ஆகையால் ஆண்டு, மாடல், எஞ்சின் எண், பிரேம் எண் ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்குவது அத்தியாவசியம். திருட்டு வண்டியென்று பின்னர் தெரிந்தால், வாங்கியவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் வண்டி உரியவருக்கே போய்ச் சேரும். பணத்துக்கு விற்றவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். நேரில் சென்று கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் பழைய பொருள் எடுப்பவருக்கு மேற்சொன்ன நுகர்வோர் பாதுகாப்பு பொருந்தாது என்பது பலரும் அறியாத விஷயம். அரிய வண்டிகள் பல ஏலத்திலேயே கைமாறுகின்றன என்பதையும் நினைவிற்கொள்க.

பட்டறைக்காரர் செய்யும் வேலைக்கும் இதே சட்டம் உண்டு. நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யாத வேலையை அவர் தம் செலவிலேயே மறுபடி செய்து தர வேண்டும்.

இனி ஆபத்துக்கு வருவோம். புதுச் சாயமும் குரோமியப் பூச்சும் கண்ணைப் பறிக்கும் வண்டியைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே மேலிடுகிறது. ஏனெனில் ஹாண்டில்பார் கழுத்தைச் சுற்றியுள்ள இணைப்புகளிலும் ஸ்விங் ஆர்ம் தாங்கும் இடத்திலும் உண்டாகும் மயிரிழை விரிசலைச் சாயம் அழகாக மூடிவிடும். அங்கே சாயத்தைச் சுரண்டி, விரிசலில் ஊறும் நிறத் திரவத்தைப் பூசித் துடைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். உயர்ரக எஃகு போல்ட்டுகளுக்கு முலாம் பூசுகையில் ஹைட்ரஜன் உட்புகுந்து, அவற்றை முன்னறிவிப்பின்றி முறியும் தன்மையுடையன ஆக்கும். பூசியவுடன் சூளையில் சில மணி நேரம் சூடேற்றினார்களா என்று கேட்காமல் அவற்றை ஆக்ஸிலுக்கு அருகில் பயன்படுத்தலாகாது. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருக்கும். பிரிட்டனில் அது முற்றிலும் தடைசெய்யப்பட்டது 1999இல்தான் என்பதால், பிரேக் டிரம்மைத் திறந்து காற்றுக் குழாயால் தூசியை ஊதுவது நுரையீரலை வலிய ஆபத்துக்கு உட்படுத்துவதாகும். 2021 செப்டம்பர் முதல் அந்நாட்டின் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுவதால், பழைய ரப்பர் குழாய்களும் கண்ணாடியிழைத் தொட்டிகளும் கெட்டுக் கசியக்கூடும். ஸ்போக் ஒவ்வொன்றையும் ஸ்பானரால் தட்டிக் கேளுங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாய் ஒலிப்பது தளர்ந்துவிட்டது. ஹாண்டில்பாரை இருபுறமும் கடைசிவரை திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். அது சட்டென்று தானே மூடிக்கொள்ளாவிட்டால், அன்றைக்கு அந்த வண்டி ஓடத் தகுதியற்றது.

எடையைக் குறைக்கும் மோகத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1964, 1965ஆம் ஆண்டுகளில் 500 சி.சி. உலகப் பட்டத்தை வென்ற ஜெப் ஸ்மித்துக்காக 1966இல் பி.எஸ்.ஏ. கம்பெனி டைட்டானியத்தாலான பிரேம் ஒன்றைச் செய்தது. இலேசாயிருந்த அந்தப் பிரேம் விரிசல் கண்டது. மந்த வாயுவின் காப்பின்றி வெல்டிங் செய்ய முடியாத அவ்வுலோகத்தை மைதானத்தில் ஒட்டவும் வழியில்லை. அவ்வாண்டுப் பட்டம் சி.இஸட். வண்டியில் ஓடிய பால் பிரீட்ரிக்ஸுக்குப் போயிற்று. பெரிய கம்பெனிக்கே நேர்ந்ததை எண்ணி, வீட்டுக் கொட்டகையில் பாகங்களைத் துளையிட்டு இலேசாக்குவோர் சற்று நிதானிப்பது நலம்.

போட்டிக்குமுன் ‘என்ன நேர்ந்தாலும் நானே பொறுப்பு’ என்ற வாசகத்தில் கையெழுத்துக் கேட்பதுண்டு. மோட்டோகிராஸில் விழுவது இயல்பான அபாயமே. ஆனால் தடத்தை அமைத்தவர்களின் அஜாக்கிரதையால் மரணமோ காயமோ நேர்ந்தால், அந்தப் பொறுப்பைத் தொழில்முறையாகப் பந்தயம் நடத்துவோர் எந்த வாசகத்தாலும் உதறித்தள்ள முடியாது என்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டம். கையெழுத்திட்டது ஒன்றையே காட்டி, அவர் அபாயத்தை மனமுவந்து ஏற்றார் என்றும் சாதிக்க இயலாது. மாறாக, பயிற்சிக்கென்று அனுமதியின்றிப் பொதுப் புறம்போக்கிலோ ஒற்றையடிப் பாதையிலோ வண்டி ஓட்டுவது 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். பிறருக்குத் தொல்லையாக அஜாக்கிரதையாய் ஓட்டினால், 2002ஆம் ஆண்டுப் போலீஸ் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் வண்டியே பறிமுதலாகலாம்.

காயத்துக்கு நஷ்டஈடு கோருவதற்குப் பொதுவாக 3 ஆண்டுகள், ஒப்பந்தத் தகராறுக்கு 6 ஆண்டுகள் அவகாசம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுன் வரையிலான பண வழக்குகளைப் பெரும்பாலும் சிறு வழக்கு முறையில் வக்கீல் இன்றியே நடத்தலாம். வழக்கு நிற்பதும் விழுவதும் சான்றைப் பொறுத்தது. எனவே முறிந்த போல்ட்டையோ பிளந்த பாகத்தையோ கழுவாமல், மெருகேற்றாமல், நாளும் இடமும் எழுதிய உறையிலிட்டு, ரசீதோடும் புகைப்படத்தோடும் வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்க வேண்டும் என்று விற்றவர் கேட்டாலும், எழுத்து மூலம் ஒப்புதல் பெறாமல் அதை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.