நிலத்துக்கு விலை கொடுப்பது யார்?

2020 ஜூலையில் ஜிம்பாப்வே அரசு வெள்ளையின விவசாயிகளின் பிரதிநிதிகளோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2000-க்குப் பிறகு அவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட பண்ணைகளுக்கு 350 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு தருவதாக அதில் ஒப்புக்கொண்டது. வீடு, கொட்டகை, கிணறு, பாசன வசதி போன்றவற்றுக்கு மட்டுமே இந்தப் பணம். மண்ணுக்குக் காசு கிடையாது. மண்ணுக்கு இழப்பீடு தரவேண்டிய கடமை முன்பு ஆண்ட காலனிய அரசுக்கே உரியது என்று அந்நாட்டின் 2013 அரசியலமைப்பு சொல்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீம்பாகத் தோன்றலாம். அந்த மண் முதலில் எப்படிக் கைமாறியது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது.

1888 அக்டோபரில் பிரிட்டிஷ் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் ஆட்கள் இண்டெபெலே அரசர் லோபெங்குலாவிடம் ஓர் உடன்படிக்கை வாங்கினார்கள். மாதம் 100 பவுண்டு, 1,000 துப்பாக்கிகள், ஒரு லட்சம் தோட்டாக்கள், ஜாம்பெசி ஆற்றில் ஓட ஒரு நீராவிப் படகு. இவற்றுக்கு ஈடாக அவர்கள் பெற்றது கனிமம் தோண்டும் உரிமை. நிலத்தை எழுதிக் கொடுத்ததாக அதில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அதைக் காட்டியே ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசியின் சாசனத்தைப் பெற்றது. 1890 செப்டம்பரில் கம்பெனிப் படை இன்றைய ஹராரே இருக்கும் இடத்தில் கொடியேற்றியது. 1893-ல் லோபெங்குலா மீதே போர் தொடுத்தபோது, படையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 6,000 ஏக்கர் தருவதாகக் கம்பெனி வாக்களித்தது. யாருடைய நிலம் அது? போருக்குப் புறப்படும் முன்பே பங்கு பிரித்தாகிவிட்டது.

அதற்கடுத்த ஆண்டு குடிசைக்கு 10 ஷில்லிங் வரி வந்தது. வரியைக் காசாகக் கட்ட வேண்டுமென்றால் வெள்ளையரின் பண்ணைக்கோ சுரங்கத்துக்கோ கூலி வேலைக்குப் போக வேண்டியிருந்தது. 1896-ல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதில் முன்னின்ற சாமியாடி நெஹாண்டாவை 1898-ல் தூக்கிலிட்டார்கள்.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஆண்டு 1918. இன்னும் யாருக்கும் வழங்கப்படாமல் கிடந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு, பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு வந்தது. கம்பெனி உரிமை கோரியது, வெள்ளைக் குடியேறிகள் கோரினார்கள், ஆப்பிரிக்கர்கள் சார்பிலும் வாதம் வைக்கப்பட்டது. மூவருக்கும் இல்லை, அரச மகுடத்துக்கே சொந்தம் என்றது தீர்ப்பு. அதே தீர்ப்பு, கம்பெனி நிர்வாகத்துக்குச் செலவழித்த பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் சொன்னது. 1923-ல் கம்பெனி ஆட்சி முடிந்தபோது தென் ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே), வட ரொடீசியா (இன்றைய ஜாம்பியா) இரண்டுக்குமான கணக்கைத் தீர்க்க அதற்கு 37.5 லட்சம் பவுண்டு கொடுக்கப்பட்டது. அந்த மண்ணின் கணக்கில் இழப்பீடு கிடைத்த முதல் ஆள், அதைப் பிடுங்கிய கம்பெனிதான். இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை.

1930-ல் நிலப் பகிர்வுச் சட்டம் வந்தது. நாட்டில் வெள்ளையர் ஐம்பதாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். கறுப்பின மக்கள் பத்து லட்சத்துக்கும் மேல். சட்டம் வெள்ளையருக்கு ஒதுக்கியது நாட்டின் நிலத்தில் பாதி. மழையும் வளமும் உள்ள மேட்டுநிலம், ரயில் பாதையை ஒட்டிய பகுதிகள் பெரும்பாலும் அதில் அடங்கின. ஆப்பிரிக்கர்களுக்கான ஒதுக்கிடங்கள் பெரும்பாலும் மணற்பாங்கான, மழை பொய்க்கும் நிலம். அடுத்த ஆண்டு மக்காச்சோளக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சந்தையில் ஆப்பிரிக்கர் விளைவித்த மக்காச்சோளத்துக்குக் குறைந்த விலையே கிடைத்தது. வெள்ளைப் பண்ணைகள் தழைத்ததற்குத் திறமை மட்டும் காரணமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1950-களின் தொடக்கத்தில் ரோட்ஸ்டேல் பகுதியில் தலைமுறைகளாக இருந்த குடும்பங்களை லாரிகளில் ஏற்றி சன்யாட்டிக்கும் கோக்வேக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். மாடுகளைக் கொல்லும் செட்சி ஈ திரிந்த காட்டுப் பகுதி அது.

இந்த நிலத்துக்காகத்தான் 1970-களில் விடுதலைப் போர் நடந்தது. அதை முடித்துவைத்த 1979-ம் ஆண்டின் லங்காஸ்டர் ஹவுஸ் உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை இருந்தது. நடைமுறையில், விற்க விரும்புகிறவரிடம் மட்டுமே அரசு பண்ணை வாங்கலாம், அதுவும் சந்தை விலைக்கு. பத்து ஆண்டுகளுக்கு அந்த விதியை மாற்ற முடியாது. நில விவகாரத்தில் பேச்சுவார்த்தையே முறியும் நிலை வந்தது. பணம் தந்து உதவுவோம் என்று பிரிட்டனும் அமெரிக்காவும் சொன்ன பிறகே விடுதலை இயக்கத் தலைவர்கள் முகாபேவும் என்கோமோவும் இறங்கிவந்தார்கள். எவ்வளவு பணம் என்று காகிதத்தில் எழுதப்படவில்லை. எல்லாச் சிக்கலுக்கும் விதை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1980-ல் விடுதலை. சுமார் 6,000 வெள்ளை விவசாயிகளிடம் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கு மேல் நிலம் இருந்தது. 1,62,000 குடும்பங்களைக் குடியமர்த்த அரசு இலக்கு வைத்தது. பத்தாண்டில் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் முடிந்தது. நான்கு கோடியே நாற்பது லட்சம் பவுண்டு கொடுத்தோம் என்பது பிரிட்டன் சொல்லும் கணக்கு. 1997 நவம்பரில் பிரிட்டிஷ் அமைச்சர் கிளேர் ஷார்ட், நிலம் வாங்கும் செலவில் பிரிட்டனுக்குத் தனிப் பொறுப்பு எதுவும் இல்லை என்று ஹராரேக்குக் கடிதம் எழுதினார். தன் முன்னோர்கள் ஐரிஷ்காரர்கள், அவர்களும் காலனி ஆட்சிக்கு உட்பட்டவர்கள்தான் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார். ஹராரேயில் அந்தக் கடிதம் மூட்டிய சினம் இன்னும் தணியவில்லை.

2000-ல் வெள்ளையரின் பண்ணைகளுக்குள் ஆட்கள் புகுந்து அவற்றைக் கைப்பற்றியதற்கு இந்த அநீதி மட்டுமே காரணம் என்று சொன்னால் அது உண்மையாகாது. அந்த பிப்ரவரியில் முகாபே அரசு ஒரு பொதுவாக்கெடுப்பில் தோற்றிருந்தது, தேர்தலும் நெருங்கியிருந்தது. அடிதடி நடந்தது, கொலைகள் நடந்தன. நல்ல பண்ணைகள் பல ஆளுங்கட்சிக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் போயின. வெள்ளைப் பண்ணைகளில் வேலை செய்த சுமார் மூன்று லட்சம் தொழிலாளர்களில் மிகப் பலர் வேலையும் வீடும் இழந்தார்கள். மலாவியிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் பலருக்குக் குடியுரிமையும் பறிபோனது. காலனி ஆட்சி கொண்டுவந்த உழைப்பாளிகளைச் சுதந்திர அரசும் கைவிட்டதை மன்னிக்க முடியாது. எனினும் நிலம் பெற்றவர்கள் எல்லோரும் தலைவர்களின் உறவினர்கள் என்பதும் தவறு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயக் குடும்பங்கள் நிலம் பெற்றன. அவர்களில் பலர் இன்று புகையிலை பயிரிடுகிறார்கள்.

பழைய ஒதுக்கிடங்கள் இன்று சமுதாய நிலம் என்ற பெயரில் இருக்கின்றன. பல லட்சம் குடும்பங்கள் அங்கேதான் உழுகின்றன. அந்த நிலம் சட்டப்படி குடியரசுத் தலைவரின் பொறுப்பில் இருக்கிறது, உழுபவருக்குப் பட்டா கிடையாது. 2020 ஒப்பந்தத்தின் 350 கோடியில் ரோட்ஸ்டேலிலிருந்து லாரியில் ஏற்றப்பட்ட குடும்பங்களுக்குப் பங்கில்லை.