புகைக்கூட்டின் அகச்சுவர்

வீடு கட்டுவோர் அத்திவாரத்தைப் பற்றிப் பேசுவர். கூரையைப் பற்றிப் பேசுவர். வாசற்கதவு முதிரையிலா பாலையிலா என்று வாதாடுவர். குசினியின் மூலையில் எழுந்து கூரையைத் துளைத்து நிற்கும் புகைக்கூட்டைப் பற்றிப் பேசுவார் அரியர். அது பழுதுற்ற பின்னரும் அதனைப் பற்றிப் பேசுவோர், நாள்தோறும் அதன் அடியில் நின்று கண்ணைக் கசக்கும் பெண்களே. அவர்களுடைய பேச்சோ பெரும்பாலும் அடுப்படியைத் தாண்டி வெளியே கேட்பதில்லை.

வன்னிப் பெருநிலத்தின் பழைய குடியிருப்புகளிலே புகைக்கூட்டுக்குத் தேவை இருக்கவில்லை. மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட அடுக்களையில், புகை கிடுகின் இடுக்குகளூடாகத் தானே கசிந்து வெளியேறிற்று. போகும் வழியில் அது சில நன்மைகளையும் செய்தது. கூரையைப் பூச்சி அரிக்காமற் காத்தது. அடுப்பின் மேலே தொங்கவிட்ட விதைகளை வண்டு அண்டாமற் பேணிற்று. ஆயினும் அந்த நன்மைக்கு விலை கொடுத்தவை சமைப்பவளின் கண்களும் நெஞ்சுமே என்பதை நாம் மறத்தலாகாது.

2009ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிந்தபோது வன்னியில் முழுதாக நின்ற கூரைகள் மிகச் சிலவே. செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மக்கள் படிப்படியாக ஊர் திரும்பினர். இறுதி முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி அதே ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிற்று. குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட, வீட்டுக்காரரே கல்லும் மணலும் வாங்கி, மேசனை அமர்த்தி, தம் வீட்டைக் கட்டுவித்தனர். இவ்வாறும் வேறு உதவிகளாலும் எழுந்த வீடுகளில் கிடுகு மறைந்தது. ஓடும் தகரமும் வந்தன. புகை கசிந்து போக இடமில்லாத கூரைக்குப் புகைக்கூடு இன்றியமையாததாயிற்று. ஆனால் அதனைக் கட்டும் முறை மட்டும் கூடவே வரவில்லை. நான் பார்த்த குசினிகள் பலவற்றில், சீமெந்துக் கல்லை அடுக்கிச் சீமெந்துச் சாந்தினால் உட்புறம் பூசிய புகைக்கூடுகளே நின்றன. சிலவற்றில் அந்த உட்பூச்சும் இல்லை. சில ஆண்டுகளுக்குள் அவை உள்ளே வெடித்துவிட்டன. வெளியே பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது.

இவ்வெடிப்பை அற்பமென்று ஒதுக்குவோர், புகைக்கூடு எவ்வாறு புகையை இழுக்கின்றது என்பதைச் சற்றே சிந்தித்தல் வேண்டும். சூடேறிய காற்று பாரம் குறைந்தது. 33 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள வெளிக்காற்று ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 1.15 கிலோகிராம் நிறையுடையது. 150 பாகைக்குச் சூடேறியபோது அதே காற்றின் நிறை 0.83 கிலோகிராமே. இந்த வேறுபாடுதான் புகைக்கூட்டின் வலிமை முழுவதும். 4 மீற்றர் உயரமான புகைக்கூட்டில் அது 1.3 மில்லிமீற்றர் உயர நீரின் அழுத்தத்துக்கு மேற்படாது. வெளிக்காற்று 0 பாகையில் உறைந்து கிடக்கும் குளிர்நாட்டிலே இதே கூடு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பலத்துடன் இழுக்கும். எமது வெப்ப நாட்டுப் புகைக்கூடு இயல்பாகவே வலிமை குறைந்தது. அதன் உட்சுவரில் மயிரிழை வெடிப்பு விழுந்தால், அவ்வழியே குளிர்ந்த காற்று புகுந்து புகையின் சூட்டைத் தணிக்கின்றது. சூடு தணிய இழுப்பும் தணிகின்றது. இழுப்புத் தணிந்த புகை, வந்த வழியே அடுப்படிக்குத் திரும்புகின்றது.

சீமெந்து ஏன் வெடிக்கின்றது? நீருடன் கலந்து இறுகிய சீமெந்தினுள் ஒருவகைச் சுண்ணாம்பு உண்டு. 400 முதல் 500 பாகை வரையான சூட்டில் அது தன்னுள் இருக்கும் நீரை இழந்து நீற்றாத சுண்ணாம்பாகிவிடுகின்றது. அடுப்பின் சுவாலை நேரே படும் கீழ்ப்பகுதியில் இச்சூடு அரிதன்று. பின்னர் ஒக்டோபர் முதல் திசெம்பர் வரை வடகீழ்ப் பருவமழை பெய்கின்றது. மூடியற்ற வாயினூடாக மழைநீர் இறங்குகின்றது. நீற்றாத சுண்ணாம்பில் நீர் பட்டால் அது பொங்கிப் பருக்கும் என்பதைச் சுண்ணாம்பு நீற்றியவர் எவரும் அறிவர். அந்தப் பொங்குதல் சுவருக்குள்ளேயே நிகழ்கின்றது. இவையன்றி, மழைக்காலத்து ஈர விறகின் புகையில் உள்ள அமிலங்களும் கீலும் குளிர்ந்த மேற்பகுதியில் படிந்து சாந்தை அரிக்கின்றன. ஒரே சாந்துக்குக் கீழே நெருப்பும் மேலே நீரும் பகையாகின்றன.

இரணைமடுவை அண்டிய ஒரு குடியேற்றத்திலே, முதியவள் ஒருத்திக்கும் இளம் மேசனுக்கும் நடந்த உரையாடலைக் கேட்டேன். “வெளியிலை எவ்வளவு வடிவாய் நிக்குது, தம்பி. ஆனால் புகை முழுக்க என்ரை கண்ணுக்குள்ளைதான்” என்றாள் அவள். “திரும்பச் சீமெந்து பூசித் தாறன், அம்மா” என்றான் அவன். அவள் சிரித்தாள். “இரண்டு தரம் பூசியாச்சு. அடுப்புக்கு ஆரும் சீமெந்து பூசுவினமோ?”

பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அந்த ஒரு வினா விளக்கிவிட்டது. அடுப்புக்கு மண்ணே பூசுவர். களிமண்ணும் மாட்டுச் சாணகமும் குழைத்து அடுப்பை மெழுகுவது எம் பெண்களின் பழந்தொழில். புகைக்கூடு என்பது அடுப்பின் நீட்சியேயன்றி வீட்டுச் சுவரின் நீட்சியன்று. அதனைச் சுவரென்று எண்ணி மேசனிடம் விட்டதே பிழையின் தொடக்கம்.

இதை நாட்டுப்புறத்தாரின் நம்பிக்கை என்று எவரும் தள்ளிவிடவேண்டாம். செங்கற் புகைக்கூடுகளுக்குப் பேர்பெற்ற இங்கிலாந்திலே, சுண்ணாம்புச் சாந்துடன் மாட்டுச் சாணகத்தைக் கலந்து உட்புறம் பூசுவதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. அந்தப் பூச்சும் அமிலத்தால் அரிபட்டு உதிரக் கண்டபின், 1960களின் நடுப்பகுதியில் வந்த கட்டட விதிகள் சுட்ட மண் குழாய் போன்ற தனி உறையை அங்கே கட்டாயமாக்கின. புகைக்கூட்டின் கதை அந்நாட்டிலும் வலியற்றதன்று. உள்ளே ஏறிக் கரி துடைத்த ஏழைச் சிறுவர்களுக்குப் பின்னாளில் வந்த புற்றுநோயை, பெர்சிவல் பொட் என்னும் சத்திரவைத்தியர் 1775ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். ஒரு தொழிலினால் புற்றுநோய் வருமென்று உலகம் அறிந்த முதற் சான்றுகளில் அதுவும் ஒன்று.

ஆகவே, பழுதுற்ற புகைக்கூட்டை இடித்தெறியாமல் அதற்கு அகச்சுவர் ஒன்றை அமைத்தலே தக்க வழி. முதலில் நோயை அறிதல் வேண்டும். அடுப்பில் ஈர வைக்கலைச் சிறிது புகையவிட்டு, கூட்டின் வாயை நனைத்த சாக்கினால் ஒரு கணம் மூடினால், வெடிப்பு இருக்குமிடமெல்லாம் புகை தானே வெளிப்பட்டுக் காட்டும். அடுப்பை நன்கு ஆறவிட்டுக் கரியையும் கீலையும் சுரண்டி, உதிரும் பூச்சு முழுவதையும் களைதல் அடுத்த பணி. பழைய கரியின்மேற் பூசியது நிலைக்காது.

பின்னர்ச் சாந்து. புற்றுமண்ணோ குளத்துக் களியோ எடுத்து, கல் நீக்கிச் சலித்து, மணலும் ஓட்டுத்தூளும் சேர்த்தல் வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை சூளையில் வெந்த ஓடு மீண்டும் சுருங்காது. அதனால் அதன் தூள் களியின் சுருக்கத்தைத் தடுக்கின்றது. உடைந்த ஓட்டுக்கு வன்னியிலே பஞ்சமில்லை. ஒரு காலத்தில் வீடாயிருந்த எத்தனையோ கூரைகள் இன்னும் வளவுகளின் மூலையில் குவிந்து கிடக்கின்றன. சிறிது சாணகமும் சேர்த்துப் பிசைந்து, ஓர் உருண்டையை நிழலில் உலரவிட்டுப் பார்க்கலாம். வெடித்தால் மணலையும் தூளையும் கூட்டுக. உதிர்ந்தால் களியைக் கூட்டுக. உட்சுவரை நனைத்து, கீழிருந்து மேலாக மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடுத்ததைப் பூசுதல் நன்று. கை எட்டாத நடுப்பகுதிக்கு ஒரு பக்கத்துக் கற்கள் சிலவற்றைக் கழற்றி, வேலை முடிந்தபின் அதே மண்சாந்தினால் மூடலாம். கூடு போதிய அகலமுடையதாயின் சுட்ட மண் குழாய்களை ஒன்றன்மேலொன்றாக இறக்குவது இன்னும் சிறப்பு. முடிவில் சில நாள்களுக்குச் சிறு தீயே மூட்டவேண்டும். பசியின் அவசரத்தில் பெருந்தீ மூட்டினால் ஈரம் ஆவியாகிப் பூச்சைப் பிளந்துவிடும். வாய்க்கு மேலே மழை படாத மூடியும், ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒரு மெழுகும் இதற்குப் போதிய பராமரிப்பு.

எச்சரிக்கை இரண்டு உண்டு. கல்நார்ச் சீமெந்துக் குழாயைப் புகைக்கூடாக நிறுத்துதல் கூடாது. சூட்டில் அது வெடித்துச் சிதறும், அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. கூரைச் சலாகைகளும் புகைக்கூட்டைத் தொடலாகாது. குறைந்தது இரண்டு அங்குல இடைவெளி வேண்டும். நெடுநாள் சூடுபட்ட மரம் மெல்ல மெல்லக் கரியாகி, முன்னர்ப் பற்றாத சூட்டிலும் பின்னர்ப் பற்றிக்கொள்ளும்.

இத்துணைச் சிறிய வேலைக்கு இத்துணைப் பெரிய பேச்சோ என்று கேட்பவர் இருக்கலாம். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகிலேயே சமைத்தன. 2022ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது நகரத்தாரும் விறகைத் தேடி அலைந்ததை நாம் கண்டோம். வீட்டினுள் எரியும் இத்தகைய எரிபொருட்களின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. குசினிச் சுவரை ஒட்டியே படுக்கையறை அமைந்த வீடுகளில், நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு வாயு வெடிப்பினூடாக உறங்குவோரையும் எட்டக்கூடும்.

1990களிலே வன்னிக்குச் சீமெந்து வருவதற்குத் தடை இருந்தது. கிடையாத பொருளுக்கு மதிப்புக் கூடுதல் உலக இயல்பு. தடை நீங்கியதும், மண்ணால் செய்தவற்றையெல்லாம் வறுமையின் அடையாளமென எண்ணிச் சீமெந்தால் மாற்ற விழைந்தோம். அவ்விழைவைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. இழந்த வீட்டை உறுதியாகக் கட்ட விரும்பியவரின் விழைவு அது. சுவருக்குச் சீமெந்து பொருந்தும். நெருப்புக்கு மண்ணே பொருந்தும். எமது பாடசாலைகளில் வெப்பம் ஏறுவதையும் காற்று எழுவதையும் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவரைப் பாடநூற் படத்துடன் நிறுத்தாமல் ஒருநாள் தத்தம் வீட்டுப் புகைக்கூட்டை ஆராய்ந்துவரச் சொல்லலாம். அங்கே அவர்களுக்கு விடை சொல்லத் தாயும் பாட்டியும் இருக்கின்றார்கள். மண்ணைக் குழைக்கும் பதம் அவர்களுடைய கைகளுக்கு இன்னும் தெரியும்.