உஷார்! பன்னிரண்டாயிரம் டாலருக்கு ஒரு போர்ஷே

அமெரிக்காவில் இருக்கிறீர்களா? முப்பதாயிரம் டாலர் சொச்சத்துக்குப் புது டொயோட்டா ஜிஆர்86 எடுப்பதா, இல்லை அதில் பாதிக்கும் குறைவான காசுக்குப் பழைய போர்ஷே பாக்ஸ்டர் எடுப்பதா என்று ராத்திரி இரண்டு மணிக்குப் போனைத் தடவிக்கொண்டிருக்கிறீர்களா? விற்கிறவருக்கு இன்னும் மெசேஜ் அனுப்பவில்லையே? நல்லது. அனுப்பாதீர்கள்.

விளம்பரம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். 2001 மாடல் பாக்ஸ்டர் எஸ். 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், 250 குதிரைத்திறன். எஞ்சின் உங்கள் முதுகுக்குப் பின்னால் உறுமும். கூரையை மடக்கினால் தலைக்கு மேல் வானம். ஒரே ஓனர், மழைபடாமல் கராஜில் நின்ற வண்டி, நாற்பதாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது. விலை 12,000 டாலர். புதிதாக வந்தபோது ஐம்பதாயிரத்தை ஒட்டி விற்ற கார் இது.

ஆபத்து இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. காரின் விலை கால்வாசிக்கு இறங்கிவிட்டது. அதன் பாகங்களின் விலை இறங்கவில்லை. போர்ஷே தெரிந்த மெக்கானிக் மணிக்கு வாங்கும் கூலி ஏறித்தான் இருக்கிறது. யானையை இனாமாகவே கொடுத்தாலும் தீனி போடுவது யார்?

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது ஒரு சின்ன பேரிங். 1997 முதல் 2008 மாடல் வரை வந்த பாக்ஸ்டர் எஞ்சின்களுக்குள் இடைத்தண்டு ஒன்று சுழலும். கிராங்க் தண்டின் சுழற்சியை வாங்கி, வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளுக்குச் சங்கிலி வழியே கொடுப்பது அதன் வேலை. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளை வைத்து 'ஐஎம்எஸ்' என்பார்கள். அந்தத் தண்டின் ஒரு முனையைத் தாங்குவது உள்ளே கிரீஸ் அடைத்து மூடிய ஒரு பால் பேரிங். நாளாக நாளாக மூடி தளரும், எஞ்சின் ஆயில் உள்ளே புகும், கிரீஸ் கழுவிக்கொண்டு போகும். பிறகு குண்டுகள் தேயும். ஒருநாள் பேரிங் நொறுங்கும். சங்கிலி நேரம் தப்பும், வால்வுகள் பிஸ்டனில் மோதும், இரும்புத் துகள் எஞ்சின் முழுக்கப் பரவும். பெரும்பாலும் முன்கூட்டியே ஒரு சத்தமும் வராது. மாற்று எஞ்சினுக்கும் கூலிக்கும் ஆகும் செலவு நீங்கள் கார் வாங்கிய விலையை எளிதாகத் தாண்டிவிடும்.

எல்லா வண்டியிலும் இது நடப்பதில்லை, உண்மைதான். ஆரம்ப வருடங்களின் இரட்டை வரிசை பேரிங் ஓரளவு தாங்கியது. 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாற்றினார்கள், வம்பு அதில்தான் அதிகம். 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான வண்டிகளுக்காக அமெரிக்க நீதிமன்றத்தில் ஓனர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013இல் சமரசம் ஆனது. அந்த உதவியும் பத்து வருடம் அல்லது 1,30,000 மைல் என்ற வரம்புக்குள் இருந்த வண்டிகளுக்குத்தான். இன்று நீங்கள் வாங்கப்போகும் வண்டிக்கு அதிலிருந்து ஒரு சென்ட்கூட வராது.

இன்னொரு கொடுமை. 'குறைவாக ஓடிய வண்டி' என்று நாம் நாக்கைச் சப்புக்கொட்டுகிறோம் அல்லவா, இந்த எஞ்சினில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்கிறார்கள் இதையே தொழிலாகச் செய்யும் பட்டறைக்காரர்கள். அடிக்கடி ஓடி, ஐயாயிரம் மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய வண்டியைவிட, வருடம் முழுக்கப் போர்வைக்குள் நின்று பழைய ஆயிலில் ஊறிய வண்டிக்குத்தான் பேரிங் சீக்கிரம் போகிறதாம். நாற்பதாயிரம் மைல் விளம்பரத்தை இப்போது மறுபடி படித்துப் பாருங்கள்.

கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போதே பேரிங்கையும் மாற்றிவிடலாம். சில ஆயிரம் டாலர் ஆகும். ஆனால் 2006 முதல் 2008 வரையிலான எஞ்சின்களில் பேரிங் பெரியது. எஞ்சினை இரண்டாகப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில்தான் போர்ஷே அந்தத் தண்டையே ஒழித்துப் புது எஞ்சின் வைத்தது. பாக்ஸ்டர்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் 2009 அல்லது அதற்குப் பிந்திய மாடலைப் பாருங்கள். அது கிட்டத்தட்ட புது ஜிஆர்86 விலைக்குத்தான் வரும். மலிவு என்ற மயக்கம் அங்கேயே தெளிந்துவிடும்.

மழையும் ஒரு எதிரி. துணிக்கூரை வண்டியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை இலைச்சருகு அடைத்துக்கொள்ளும். பழைய பாக்ஸ்டரில் அந்தத் தண்ணீர் சீட்டுக்கு அடியில் போய்த் தேங்கும். திருட்டுத் தடுப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருப்பது அங்கேதான். அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கூரை மடங்கும் வேறு பழைய ரோட்ஸ்டர் பக்கம் போனாலும் கதை இதுதான்: 2003இல் வந்த பிஎம்டபிள்யூ இசட்4 வகையில் கூரையை மடக்கும் ஹைட்ராலிக் மோட்டாரையே கொண்டுபோய்த் தண்ணீர் வடியும் குழிக்குள் வைத்திருக்கிறார்கள். இதை யோசித்த புண்ணியவானை நேரில் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. மெர்சிடிஸ் எஸ்எல்கே 350 என்றால் மழையே தேவையில்லை, 2005, 2006 வண்டிகளில் பேலன்ஸ் தண்டின் பல்சக்கரம் தேயும் வியாதி. அதை மாற்ற எஞ்சினை வெளியே இறக்க வேண்டும்.

அப்படியானால் ஜிஆர்86 கூபே அப்பாவியா? அதுவும் இல்லை. இதன் முந்தைய தலைமுறையில், 2013 மாடல் வண்டிகளின் வால்வு ஸ்பிரிங் கோளாறுக்காக 2018இல் ரீகால் வந்தது. அதைச் சரிசெய்ய எஞ்சினைப் பிரித்துச் சேர்த்த பிறகு சில எஞ்சின்கள் கெட்டுப்போன கதையும் உண்டு. இப்போதைய 2.4 லிட்டர், 228 குதிரைத்திறன் எஞ்சினிலும் ஆயில் உறிஞ்சும் வலையில் சீலன்ட் பசைத் துணுக்குகள் மாட்டுவதாக ஓனர்கள் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். டீலர் 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று ஸ்டிக்கர் விலைக்கு மேல் சில ஆயிரத்தைத் தள்ளினால் அடுத்த டீலரிடம் போங்கள். பின் சீட்டில் அரிசி மூட்டை உட்காரும். மாமியார் உட்கார மாட்டார்.

ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம். புது வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஐந்து வருடம் அல்லது 60,000 மைல் வரை டொயோட்டா பொறுப்பு. பழைய ரோட்ஸ்டரின் கண்ணாடியில் டீலர் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள்: 'ஆஸ் ஈஸ்', வாரண்டி கிடையாது என்ற கட்டத்தில் பெரும்பாலும் டிக் போட்டிருக்கும். அந்தத் தாளை ஒட்டச் சொல்வது மத்திய அரசின் விதி. அதற்குமேல் அரசு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்காது. தனியாரிடம் வாங்கினால் அந்தத் தாளும் இல்லை. நெருக்கடிக்குப் பணம் ஒதுக்கி வைக்க முடியாது, ஆபீசுக்குப் போக இந்த ஒரு வண்டிதான் என்றால் கூபேயை எடுங்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

இதற்கு மேலும் ரோட்ஸ்டர்தான் என்கிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் சில நூறு டாலர் செலவழித்து, விற்பவரோடு சம்பந்தமில்லாத ஒரு போர்ஷே மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டுங்கள். ஆயில் ஃபில்டரின் மடிப்புகளைப் பிரித்து உலோக மினுமினுப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் கேமரா விட்டுக் கீறலைத் தேடச் சொல்லுங்கள். எஞ்சின் கம்ப்யூட்டரில் வரம்பு மீறிச் சுழன்ற கணக்கும் கேம் தண்டின் விலகல் அளவும் இருக்கும், அதையும் அச்செடுத்து வாங்குங்கள். ஐஎம்எஸ் மாற்றியாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது. பட்டறை ரசீதில் தேதியும் மைலும் இருக்க வேண்டும். 'அதுக்கெல்லாம் நேரமில்லைங்க, சாயங்காலம் இன்னொருத்தர் ரொக்கத்தோட வர்றார்' என்று விற்பவர் இழுத்தால், அந்த இன்னொருத்தரே வாங்கிக்கொள்ளட்டும்.