``டேய், மாடியில எவனோ கேம்ப் பண்றான்டா!'' - பதுங்கும் வீரர்களை கேம்கள் வெளியே இழுப்பது எப்படி?

2018-ல் எங்கள் கல்லூரி விடுதியில் இரவு 11 மணிக்கு மேல் அடிக்கடி கேட்ட குரல் இது. பப்ஜியில் பொச்சிங்கி ஊருக்குள் இறங்கி, ஒரு மாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, படிக்கட்டையே பார்த்தபடி துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பது. யாராவது லூட் எடுக்க மேலே வந்தால், டப்! இதுதான் 'கேம்பிங்'. எதிர் அணியில் யாராவது இதைச் செய்தால் வாய்க்கு வந்தபடி திட்டுவோம். எங்கள் அணியில் இந்தத் திருப்பணியைச் செய்தது நான்தான். எனக்குக் குறி தப்பும். நேருக்கு நேர் மோதினால் 2 நொடி தாங்க மாட்டேன். ஒளிந்திருந்தால் முதல் பத்து இடத்துக்குள் வந்துவிடலாம்.

கேமை உருவாக்குபவர்களுக்கு இது பெரிய தலைவலி. 100 பேரும் ஆளுக்கொரு வீட்டில் ஒளிந்துகொண்டால் விளையாட்டு எங்கே நடக்கும்? அதற்காக வந்ததுதான் சுருங்கிக்கொண்டே வரும் நீல வட்டம். பப்ஜியை வடிவமைத்த பிரெண்டன் கிரீனுக்கு 'பேட்டில் ராயல்' என்ற ஜப்பானியப் படம் ஒரு தூண்டுதல். அதில் தீவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றாக ஆபத்துப் பகுதியாக அறிவிப்பார்கள். அப்படிச் சதுரங்களாக அமைக்கும் அளவுக்குத் தனக்கு கோடிங் வராததால்தான் வட்டத்தைப் பிடித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கோடிங் தெரியாததால் ஒரு நல்ல ஐடியா பிறந்திருக்கிறது, பாருங்கள்!

வட்டம் தடி என்றால், ஏர் டிராப் மிட்டாய். சிவப்புப் புகையோடு விழும் அந்தப் பெட்டியில் நல்ல துப்பாக்கி இருக்கும். அதை எடுக்க வீட்டைவிட்டு வெளியே வந்தே ஆக வேண்டும்.

ஆனாலும் ஓட்டை இருந்தது. எத்தனை பேரைச் சுட்டோம் என்பதோடு, எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தோம் என்பதற்கும் ரேங்க் புள்ளி உண்டு. விடுவார்களா நம்மவர்கள்? மருந்துப் பெட்டிகளைக் குவித்துக்கொண்டு வட்டத்துக்கு வெளியிலேயே ஊசி போட்டபடி கிடந்தார்கள். கடைசி வட்டத்தில் புல்லுக்குள் படுத்து ஊர்ந்தார்கள். அவர்களுக்கு 'ஸ்நேக்' என்று பட்டப்பெயரே வந்தது. பதுங்கினால் பரிசு என்று வைத்துவிட்டு, பதுங்குபவரைத் திட்டுவது என்ன நியாயம் என்பது என் கட்சி. (முன்னாள் கேம்பர் வேறு என்ன சொல்வான் என்கிறீர்களா? அதுவும் சரிதான்.)

பூதத்துக்கு க்யூ!

லூட்டுக்காக ஓரிடத்தில் தவம் கிடப்பது இன்னும் பழைய வியாதி. 1999-ல் வந்த 'எவர்குவெஸ்ட்' கேமில், நல்ல பொருள் தரும் பூதம் எப்போதாவதுதான் தோன்றும். அது வரும் இடத்தில் மணிக்கணக்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். யாருக்கு அடுத்த முறை என்று ரேஷன் கடை வரிசைபோலப் பட்டியலே போட்டார்கள். 2004-ல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' தன் குகைகளை ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனிப் பிரதியாகத் திறந்துவிட்டது. உங்கள் குகைக்குள் அடுத்தவர் வரவே முடியாது என்றால், இடம் பிடிக்கும் சண்டை எதற்கு? 2012-ல் 'கில்டு வார்ஸ் 2' இன்னொரு வழி கண்டது. ஒரு பூதத்தை அடிப்பதில் பங்கெடுத்த எல்லோருக்கும் தனித்தனியே லூட். அதுவரை எரிச்சலாகப் பார்த்த பக்கத்து ஆளை, 'வாப்பா, நீயும் ரெண்டு அடி போடு' என்று கூப்பிட வைத்தது அந்த மாற்றம்.

அதே ஆண்டில் வந்த 'டயாப்லோ 3' சறுக்கியது. லூட்டை நிஜப் பணத்துக்கே விற்கும் ஏலச் சந்தையை கேமுக்குள் திறந்தார்கள். பூதத்தை அடித்துப் பொருள் எடுப்பதைவிட, சந்தையில் வாங்குவது சுலபமாகிப்போனது. 2014 மார்ச்சில் சந்தையையே மூடிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வைத்தியம் 'டெட் பை டேலைட்' கேமில் 2023-ல் வந்தது. ஒரு கொலையாளி, தப்பிக்கப் பார்க்கும் நான்கு பேர். பிடிபட்டவரைக் கொக்கியில் மாட்டிவிட்டு, காப்பாற்ற வருபவரைப் பிடிக்க கொலையாளி அங்கேயே நிற்பார். மாட்டியவர் பாவம், வேடிக்கைதான் பார்க்க வேண்டும். இப்போது கொலையாளி அருகிலேயே நின்றால் ஒரு மீட்டர் ஏறும். அது நிரம்பினால், மாட்டியவர் தானே தப்பிக்கலாம். தடை இல்லை, திட்டு இல்லை. நின்றால் நஷ்டம், அவ்வளவுதான்.

போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் தம்பி போனை வைத்துவிட்டு உம்மென்று இருந்தான். அணியில் இருந்த முகம் தெரியாத அண்ணன்கள் 'கேம்பர்' என்று ஆரம்பித்து, சித்தியை இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். யாரை மியூட் செய்வது, எங்கே ரிப்போர்ட் செய்வது என்று அவனுக்குக் காட்டினேன். சித்தியையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

``எனக்குச் சரியா சுட வராதுண்ணா. அதான் ஒளிஞ்சுக்கிட்டேன்'' என்றான்.

``சரி, இப்ப எந்த வீட்ல ஒளிஞ்ச?''

``பொச்சிங்கியில, மாடியில.''

``படிக்கட்டைப் பார்த்தா, ஜன்னலைப் பார்த்தா?''

நிமிர்ந்து பார்த்தான். ``அப்ப நீயுமாண்ணா?''