மோசமான வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள்: அமெரிக்காவில் குடியேறுவோரும் மருத்துவக் காப்பீடும்

மதுரையிலோ கோவையிலோ ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனால், வரவேற்பு மேஜையிலேயே "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிடலாம். கையிருப்பைப் பார்த்து, இங்கேயே சேர்வதா, அரசு மருத்துவமனைக்குப் போவதா என்று முடிவு செய்கிறோம். அமெரிக்காவில் அந்தக் கேள்விக்கு மேஜையில் இருப்பவரால் பெரும்பாலும் பதில் சொல்ல முடியாது. வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்துத் தபாலில் பில் வரும். மருத்துவமனை தனியாக அனுப்பும், மருத்துவர் தனியாக அனுப்புவார், பரிசோதனைக் கூடம் தனியாக அனுப்பும். புதிதாகக் குடியேறியவர்கள் வங்கிக் கணக்கு, வாடகை வீடு, கார் என்று ஓடும்போது காப்பீட்டைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் கெடு முடிந்துவிடுகிறது.

எச்-1பி வேலை விசாவில் போகிறவர்களுக்குக் காப்பீடு பெரும்பாலும் வேலை தரும் நிறுவனத்தின் வழியாகவே வரும். ஆனால் வேலையில் சேர்ந்த அன்றே அது தொடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். 90 நாள் வரை காக்க வைக்கச் சட்டம் நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. எனவே வேலைக்கான கடிதம் வந்ததும் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: காப்பீடு எந்தத் தேதியில் தொடங்கும், துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் உண்டா, அவர்களுக்கான தவணையில் நிறுவனம் எவ்வளவு ஏற்கும்? ஆட்களை ஒப்பந்தத்தில் அனுப்பும் சில நிறுவனங்கள், தடுப்பூசிக்கும் வருடாந்திரப் பரிசோதனைக்கும் மட்டும் பணம் தருகிற ஒல்லியான திட்டத்தைக் கொடுத்துவிட்டு "இன்சூரன்ஸ் உண்டு" என்கின்றன. மருத்துவமனையில் அட்மிட் ஆனால் தருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்டதற்காக யாரும் வேலையை இழக்கப்போவதில்லை.

நிறுவனத் திட்டத்தில் சேர வழக்கமாக 30 நாள்தான் அவகாசம். அதைத் தவறவிட்டால் வருடக் கடைசியில் வரும் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். குழந்தை பிறந்தாலும் இதே 30 நாள். தாயின் காப்பீடே குழந்தைக்கும் போதும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள், அப்படியில்லை. 30 நாளுக்குள் பெயரைச் சேர்த்தால் பிறந்த நாளிலிருந்தே கணக்கில் வரும். சேர்க்காமல் விட்டு, குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருந்தால் அந்தச் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். துணைவர் பின்னால் தனியாக வந்து சேர்ந்தால், அவர் இறங்கிய வாரத்திலேயே எச்.ஆருக்கு எழுதுங்கள்.

நிறுவனக் காப்பீடு இல்லாதவர்களுக்கு அரசின் காப்பீட்டுச் சந்தை இருக்கிறது. ஹெல்த்கேர்.கவ் என்பது மத்திய அரசின் தளம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் தங்களுடையதைத் தனியே நடத்துகின்றன. வெளிநாட்டிலிருந்து சட்டப்படி குடிவந்தவர்கள், வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அங்கே சேரலாம். எச்-1பி, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4, மாணவர் விசா, கிரீன் கார்டு எல்லாருக்கும் இந்த உரிமை உண்டு. தவணைக்கான அரசு மானியம் வேறு விஷயம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2027 முதல் எச்-1பி, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்களுக்கு மானியம் கிடையாது. முழு விலை கொடுத்து வாங்கும் உரிமை மட்டும் தொடரும்.

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலோர் மாதத் தவணையை மட்டும் பார்த்து, குறைந்ததை எடுக்கிறார்கள். வயது இருபத்தெட்டு, நோய் நொடி இல்லை என்ற தைரியம். நான் வேறொரு கணக்கைச் சொல்வேன். ஒவ்வொரு திட்டத்தின் தாளிலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று டிடக்டிபிள்: காப்பீட்டு நிறுவனம் பணம் தரத் தொடங்கும் முன் நாம் கையிலிருந்து கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. இன்னொன்று அவுட்-ஆஃப்-பாக்கெட் மேக்ஸிமம்: என்ன நோய் வந்தாலும் அந்த வருடத்தில் நம் பங்கு அதற்கு மேல் போகாது என்ற உச்சவரம்பு. 2026-ம் ஆண்டுக்குச் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச வரம்பு தனிநபருக்கு 10,600 டாலர், குடும்பத்துக்கு 21,200 டாலர். வருடத் தவணையோடு இந்த வரம்பைக் கூட்டுங்கள். அதுதான் உங்கள் மோசமான வருடத்தின் விலை.

ஒரு திட்டத்துக்கு மாதம் 100 டாலர் தவணை, வரம்பு 8,000 என்று வைத்துக்கொள்வோம். மற்றதற்கு மாதம் 250 டாலர், வரம்பு 3,500. நலமாக இருக்கும் வருடத்தில் முதல் திட்டம் 1,800 டாலர் மிச்சப்படுத்தும். பெரிய விபத்தோ அறுவை சிகிச்சையோ வந்தால் முதலாவதில் 9,200, இரண்டாவதில் 6,500. இரண்டு மாதச் சம்பளம்கூடச் சேமிப்பில் இல்லாத, கடன் வாங்க உறவுக்காரர் பக்கத்தில் இல்லாத முதல் வருடத்தில், இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். மூன்று நான்கு வருடம் கழித்துக் கையில் சேமிப்பு நின்றால் முதலாவதை யோசிக்கலாம்.

அடுத்தது நெட்வொர்க். உச்சவரம்பு என்பதெல்லாம் நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும்தான். எச்.எம்.ஓ. வகைத் திட்டத்தில் வெளியே போனால், அவசரம் தவிர, பணமே வராது. பி.பி.ஓ.வில் வரும், ஆனால் நம் பங்கு கூடும். மருத்துவரிடம் "இந்த இன்சூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். "இந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா?" என்று திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்களுக்குப் பல்லும் கண்ணும் பெரும்பாலும் தனிக் காப்பீடு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். என் கவலை அதிகம் இங்கேதான். பேரக்குழந்தையைப் பார்க்க வரும் அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகள் அவசரமாக ஒரு பயணக் காப்பீடு எடுக்கிறார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று முன்பே நிர்ணயித்த தொகையைத் தருவது. அமெரிக்க பில்லுக்கு முன்னால் அந்தத் தொகை எந்த மூலைக்கும் காணாது. இன்னொன்று, பில்லில் ஒரு சதவீதத்தை மொத்த வரம்பு வரை தருவது. விலை கூடுதலானாலும் இரண்டாவதுதான் எடுக்கத் தகுந்தது. எதை எடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. திடீரென்று தீவிரமானால் மட்டும் ஓரளவு தருவதாகச் சில திட்டங்கள் சொல்லும், அதிலும் வயது வரம்பு இருக்கும். நம் பெற்றோரில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இல்லாதவர்கள் எத்தனை பேர்? விமானம் ஏறும் முன் ஊரிலேயே முழுப் பரிசோதனை செய்து, தங்கும் காலத்துக்கான மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு எடுத்து வரச் சொல்லுங்கள்.

கிரீன் கார்டில் நிரந்தரமாக வரும் பெற்றோருக்கு நிலைமை வேறு. முதியோருக்கான மெடிகேரில், அமெரிக்காவில் வேலை பார்த்த கணக்கு இல்லாதவர்கள், 65 வயதும் தொடர்ந்து 5 ஆண்டு வசிப்பும் நிறைந்த பிறகு பணம் கட்டித்தான் சேர முடியும். அதுவரை காப்பீட்டுச் சந்தைதான் வழி. அங்கே ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டி மறுக்கவோ விலையைக் கூட்டவோ முடியாது. ஆனால் வயதைக் காட்டி, இளைஞரின் தவணையைப் போல மூன்று மடங்கு வரை வாங்கலாம். அவர்களுக்குப் பயணக் காப்பீட்டையே புதுப்பித்துக்கொண்டு போவது ஆபத்து.

வேலை போனால் எச்-1பிக்காரர்களுக்கு நாட்டில் தங்க 60 நாள் வரை அவகாசம். அதே சமயம் காப்பீட்டுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் கோப்ரா என்ற சட்டப்படி பழைய திட்டத்திலேயே பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம். முழுத் தவணையும் அதோடு 2 சதவீதமும் நாமே கட்ட வேண்டும் என்பதால் விலை மலைக்க வைக்கும். ஆனால் அதை ஏற்பதா என்று முடிவு செய்யக் குறைந்தது 60 நாள் உண்டு. ஏற்றால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும். இடையில் உடம்புக்கு ஒன்றும் வராவிட்டால் விட்டுவிடலாம். ஏதாவது வந்துவிட்டால், கெடுவுக்குள் ஏற்று, பின்தேதியிட்டுப் பணம் கட்டிக்கொள்ளலாம்.

காப்பீடே இல்லாத நிலையில் நெஞ்சுவலி வந்தால் தயங்காதீர்கள். 1986-ம் ஆண்டுச் சட்டப்படி மெடிகேர் பணம் பெறும் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவும், பணமோ விசாவோ பார்க்காமல், பரிசோதித்து உயிராபத்தைத் தணித்தாக வேண்டும். பில் பிறகு வரும், அது உண்மை. 2022 முதல் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. காப்பீடு உள்ளவர் அவசரத்துக்கு நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள மருத்துவமனைக்குப் போனாலும், நெட்வொர்க்குக்குள் கட்டும் பங்குக்கு மேல் கேட்கக் கூடாது. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் மட்டும் இதில் அடங்காது.

வந்த பில்லை உடனே கட்டிவிடுவது நம்மவர்களின் நாணயம். இங்கே அந்த அவசரம் வேண்டாம். முதலில் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விளக்கத் தாளை எடுத்து, அதில் "நீங்கள் தர வேண்டியது" என்று உள்ள தொகையோடு பில்லை ஒப்பிடுங்கள். வரிவாரியான பில்லைக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் மறுத்தால், மருத்துவத் தேவை பற்றிய தகராறுகளை வெளியாள் ஒருவர் விசாரிக்க வேண்டும் என்று கேட்க 4 மாதம் உண்டு. அவர் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்கள் முதலாளியே சொந்தப் பணத்தில் நடத்தும் திட்டமானால் மத்தியத் தொழிலாளர் துறையிடமும், மற்றவற்றுக்கு மாநிலக் காப்பீட்டுத் துறையிடமும் புகார் கொடுக்கலாம். லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் வருமானம் குறைந்தவர்களுக்கான தள்ளுபடிக் கொள்கையை எழுத்தில் வைத்திருப்பது சட்டம். முதல் பில் வந்து 240 நாள் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். அந்த முடிவு வரும்முன் கிரெடிட் கார்டில் தேய்த்துக் கட்டிவிடாதீர்கள். கட்டிவிட்டால் அது வட்டி ஏறும் கார்டு கடனாகிவிடும், மருத்துவமனை பிறகு தள்ளுபடி தந்தாலும் அதுவரை ஏறிய வட்டி உங்களுடையதுதான்.