உங்களுக்குத் தெரியுமா? இணையம் போனாலும் வைஃபை போகாது!

2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இப்படிப்பட்ட இரவுகளில் கேபிள் அறுந்து இணையம் போகலாம். ஆனால் ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடினால் வீட்டு வைஃபை உயிரோடுதான் இருக்கும்!

192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள் வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ரவுட்டர் அவற்றை ஒவ்வொரு கருவிக்கும் தானே வழங்கும், வெளித்தொடர்பு தேவையில்லை. கணினியில் ஒரு ஃபோல்டரைப் பகிர்வுக்குத் திறந்துவிட்டால், வீட்டிலுள்ள மற்ற கணினிகளும் செல்போன்களும் அதிலிருக்கும் படங்களையும் பாடங்களையும் எடுத்துக்கொள்ளலாம்.

100 மெகாபிட் லேன் கேபிளில் 1 ஜிபி கோப்பு ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் வந்துசேரும். ரவுட்டர் இல்லையா? மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். பைசா செலவில்லை, கடவுச்சொல் வைக்க மட்டும் மறக்காதீர்கள்!